ஐம்பது சலவை தாங்கும் துணி

தீக்குச்சி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆள் ஒல்லி, அது ஒரு காரணம். துணியைக் கொளுத்திப் பார்ப்பது வேலை, அது இன்னொன்று. மூன்றாவதும் உண்டு, லேசாக உரசினாலே பற்றிக்கொள்வாள். தொழிற்சாலையில் எல்லோரும் முகத்துக்கு நேராகவே "தீக்குச்சி அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

அங்கே வெள்ளைப் பருத்தித் துணி ஒரு வாசலில் நுழைந்து, நெருப்புக்கு அடங்காத துணியாக மறுவாசலில் வெளியேறும். முதலில் தொட்டியில் இருக்கிற பாலிமர் கரைசலில் முங்கி எழும். தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் கஞ்சி. ரப்பர் உருளைகள் அதைப் பிழிந்துவிடும், சூட்டறை உலர்த்திவிடும், கடைசியாகத் துணி 'பெட்டி'க்குள் போகும். பெட்டி என்றால் பயணப் பெட்டி இல்லை. ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தடித்த கான்கிரீட் சுவர்கள் உள்ள அறை. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான் கதிர் துணியின் மேல் விழுந்து, கஞ்சியைப் பஞ்சு இழையோடு பிணைத்துவிடும். வீட்டில் போடுகிற கஞ்சி ஒரு துவையலில் கரைந்து ஓடிவிடும். இந்தக் கஞ்சி ஓடாது, அடித்தாலும் துவைத்தாலும் இழையை விடாது. அதனால்தான் தீப்பொறி விழுந்தால் துணி அந்த இடத்தில் மட்டும் கருகி, அதோடு அடங்கிவிடும்.

அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் தீக்குச்சியின் வேலை. ஒரே ஓட்டத்தில் வெளியே வருகிற துணி ஒரு லாட். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு முழத்துக்கும் குறைவான பட்டை வெட்டி, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரியில் தொங்கவிடுவாள். அடியில் பன்னிரண்டு நொடி நெருப்புக் காட்டிவிட்டு எடுப்பாள். கருகிய நீளத்தை அடிக்கோலால் அளப்பாள். பிறகு அதே துணியை ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் ஐம்பது தடவை துவைத்து, மறுபடியும் கொளுத்துவாள். அதிலும் தேறினால்தான் 'ஐம்பது சலவை தாங்கும்' என்ற சான்றிதழில் கையெழுத்து. பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து வந்தவள் அவள். அவள் கையெழுத்துப் போட்ட துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது.

வீட்டில் அவளும் மகளும்தான். மகளுக்கு எட்டு வயதிருக்கும்போதே அப்பா போய்விட்டார். மகள் படித்து முடித்ததும் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, வெல்டிங் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். தீக்குச்சி பற்றிக்கொண்டாள்.

"வீட்ல ஒருத்தி நெருப்போட மாரடிக்கிறது போதாதா?"

"நீ துணியைக் கொளுத்துறே, நான் இரும்பைக் கொளுத்துறேன். நம்ம வீட்டுத் தொழில்தானேம்மா!"

இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது வாரம் தாய் இறங்கி வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "நான் கொளுத்திப் பார்த்த துணியிலதான் நீ கோட்டு போடணும். வேற எதையும் உடம்புல போடக் கூடாது." நாற்பத்தேழாம் லாட்டிலிருந்து துணி வாங்கி, கழுத்து வரை மூடுகிற முழுக்கை கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். மகள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

கோட்டைத் துவைக்கிற பொறுப்பையும் அவளே வைத்துக்கொண்டாள். "நீ துவைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்" என்று மகளைக் கிட்டவே விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியில் ஊறப்போட்டு, சோப்புக் கட்டியால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்து, காலரை பிரஷ் போட்டுத் துலக்குவாள். கடைசி வாளித் தண்ணீரில் துணியை மிருதுவாக்குகிற வாசனைத் திரவம் ஒரு மூடி. கோட்டில் இரும்புப் புகையின் நாற்றம் போகவே போகாது, காலர் உரசி மகளின் கழுத்து சிவந்துவிடும், அதற்காக. பத்தொன்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள் கையால் துவைத்த கோட்டு, ஊரிலேயே மணமான வெல்டிங் கோட்டாக இருந்தது.

ஒரு புதன்கிழமை, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு கோட்டு திரும்பி வந்தது.

வேறொரு பட்டறையில் வேலை செய்கிற ஒருவருடைய கோட்டு. பொறி விழுந்து இடது கை பற்றி எரிந்திருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பையைத் திறந்து உள்பக்கத்து முத்திரையைப் பார்த்தார் மேனேஜர். நாற்பத்தேழாம் லாட். மகளின் கோட்டு தைத்த அதே லாட்.

நாற்பத்தேழு என்றதுமே எல்லோருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த லாட் ஓடின அன்றைக்கு மின்சாரம் விளையாட்டுக் காட்டி, பெட்டி இரண்டு தடவை நின்றுபோனது. பெட்டி நின்றால் உள்ளே மாட்டிக்கொண்ட துணிக்குக் கதிர் சரியாகப் பட்டிருக்காது. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும் என்பது விதி. வெட்ட வேண்டியவர் பெட்டியை ஓட்டுகிற சாவி அண்ணன். பெட்டியின் சாவி எப்போதும் அவர் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும். அவர் உள்ளே போகும்போது சாவியும் கூடவே போகும். சாவி உள்ளே இருக்கிறவரைக்கும் வெளியிலிருந்து யாரும் கதிரை ஓடவிட முடியாது. டீ குடிக்கப் போனால்கூடச் சட்டைக்குள்ளே விட்டுக்கொண்டு போவார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ்.

"பதினோரு மீட்டர் வெட்டினேன். நோட்டுல எழுதியிருக்கேன்" என்றார் சாவி அண்ணன்.

"எழுதினது இருக்கு, வெட்டின துண்டு எங்கே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"வெட்டின துண்டைக் குப்பையிலதான் போடுவாங்க. பூஜையிலயா வைப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. தீக்குச்சி எடுத்து வைத்திருந்த நாற்பத்தேழாம் லாட் மாதிரித் துணியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கொளுத்தினாள். அடங்கியது. ஐம்பது தடவை துவைத்த துண்டைக் கொளுத்தினாள். அதுவும் அடங்கியது. அப்படியென்றால் லாட் நல்ல லாட்தான். அந்தப் பதினோரு மீட்டர் மட்டும் வெட்டப்படாமல் வெளியே போயிருக்கிறது என்று முடிவு கட்டினார் மேனேஜர். திங்கட்கிழமை முதலாளி வருகிறார், சாவி அண்ணன் அதற்குள் ஒத்துக்கொண்டால் மரியாதையாக வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்றார்.

தீக்குச்சியின் மனசு அங்கே இல்லை. அந்தப் பதினோரு மீட்டரில்தான் மகளின் கோட்டும் தைக்கப்பட்டிருந்தால்? வாசலில் சாவி அண்ணனை மறித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. வெட்டினீங்களா, சோம்பல்பட்டு விட்டுட்டீங்களா? என் பொண்ணு அதே துணியைத்தான் போட்டிருக்கா."

அவர் "மத்தவங்க கேட்டது வலிக்கலைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம்தான் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் வந்து கோட்டைக் கழற்றியதும் வாங்கி வைத்துக்கொண்டாள். நாளைக்கு இதைப் போடாதே, லீவு போடு என்றாள். மகள் சிரித்தாள். "என்னம்மா, கோட்டுக்குக் காய்ச்சலா?" விஷயத்தைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு நின்றது. தீக்குச்சி கோட்டின் உள்மடிப்பைப் பிரித்து, வெளியே தெரியாத இடத்திலிருந்து இரண்டு பட்டைகளை வெட்டி எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக ஒரு பட்டையைத் தொங்கவிட்டாள். நெருப்பை அடியில் காட்டினாள். ஐந்து நொடிகூட ஆகவில்லை; தீ குபுகுபுவென்று மேலே ஏறி, மாட்டியிருந்த கொக்கி வரைக்கும் போய்த்தான் நின்றது. பத்து மாதமாக இதைத்தானா பிள்ளைக்குப் போட்டு அனுப்பினேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

மூக்கைச் சிந்தியபோதுதான் வாசனை பிடிபட்டது. கதிர் சரியாகப் படாத துணி எரிந்தால் காகிதம் எரிகிற மாதிரி வாடை வரும். பழகத் தொடங்கிய காலத்தில் அப்படி எத்தனையோ துண்டுகளை எரித்திருக்கிறாள். இது அந்த வாடை இல்லை. எண்ணெய்க் கொழுப்புக் கருகுகிற வாடை, அதற்கு அடியில் லேசாக ஒரு பூ வாசனை. எங்கேயோ முகர்ந்த வாசனை. கண்ணை மூடி யோசித்தாள். அவள் வீட்டுக் குளியலறையில் வீசுகிற வாசனை அது.

எழுந்து போய் ஆய்வுக்கூடத்துக் குழாயைத் திறந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகத் திறந்து மூடுகிற குழாய்தான். அதில் வருவது கஞ்சி கலக்குவதற்காக உப்பு நீக்கிய தண்ணீர். உப்புத் தண்ணீரில் கஞ்சி திரிந்துவிடும் என்பதால் கட்டடம் முழுக்க அந்தத் தண்ணீர்தான். சலவை இயந்திரத்துக்கும் அதே குழாய்தான். அதில் போடுவதும் அளவுக் கரண்டியால் தட்டிய சலவைத் தூள், சோப்பு இல்லை. அவள் வீட்டுக் குழாயில் வருவதோ கெட்டிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிய வைக்கிற தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டியைத் தேய்த்தால் வாளியின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு அழுக்குப் படலம் ஒட்டுமே, அது துணியில் ஒட்டாமல் எங்கே போகும்? ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு மேல் வாசனைத் திரவம் வேறு, அதுவும் ஒரு கொழுப்பு.

சந்தேகத்தை யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தேழாம் லாட் மாதிரித் துணியில் ஒரு மீட்டரை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அன்றிலிருந்து ஞாயிறு வரை துவையல்தான். சோப்புக் கட்டி, பிரஷ், வாசனை மூடி, காயவைத்து, மறுபடியும். இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துத் துவைத்ததில் இருபத்தாறு தடவை ஆனது. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப்போனது.

"அந்தத் துணி உனக்கு என்னம்மா துரோகம் பண்ணுச்சு?" என்றாள் மகள்.

"துணி ஒண்ணும் பண்ணலை. பண்ணினது யாருன்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

திங்கட்கிழமை சீக்கிரமே போய் மூன்று பட்டைகளைத் தயார் செய்தாள். முதலாவது, ஆய்வுக்கூடத்தில் துவைத்தது. இரண்டாவது, வீட்டில் துவைத்தது. மூன்றாவதும் வீட்டில் துவைத்ததுதான். ஆனால் அதை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, உப்பில்லாத தண்ணீரில் அலசியிருந்தாள். கெட்டிலில் படிகிற சுண்ணாம்பை வினிகர் கரைத்துவிடும் என்பது வீட்டில் கற்றது. படலத்தையும் கரைக்குமா என்று பார்க்க வேண்டும். பிறகு பெட்டிக்குப் போய்ச் சாவி அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வரமாட்டேன் என்றார். "திட்டறதுக்குக் கூப்பிடலை. நீங்க பக்கத்துல இருக்கணும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் பட்டை கருகி அடங்கியது. இரண்டாவது பட்டை கொக்கி வரை எரிந்தது. சாவி அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. தீக்குச்சி மூன்றாவதைத் தொங்கவிட்டாள். பன்னிரண்டு நொடியை வாய்விட்டு எண்ணினாள். நெருப்பை எடுத்தாள். பட்டையின் நுனி நாலு விரல் அளவுக்குக் கருகி, புகைந்து, அணைந்தது. மகளின் கோட்டில் வெட்டிய இரண்டாவது பட்டையையும் வினிகரில் ஊறவைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். அதுவும் அணைந்தது.

"உங்க பெட்டி போட்ட முடிச்சு அவிழவே இல்லைண்ணே" என்றாள். "எரிஞ்சது துணி இல்லை. மேல நான் அப்பி வச்ச சோப்பு. வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க."

அவர் கருகிய பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அப்ப உன் சான்றிதழ் என்னாகும்?" என்று கேட்டார். அதுவரை அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நாலு நாளாக அதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் மூன்று பட்டைகளையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்! அப்படின்னா தப்பு நம்ம துணியில இல்லை, அவங்க துவையல்ல. சாவி அண்ணனும் தப்பிச்சார், நீங்களும் தப்பிச்சீங்க, கம்பெனியும் தப்பிச்சுது. அந்த வீட்டுக்குப் போன் போட்டு எப்படித் துவைச்சாங்கன்னு கேளுங்க, எழுதிடலாம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டார். கையில் கட்டுப் போட்டவருடைய அம்மா எடுத்தார். குரலுக்கு வயது எழுபது இருக்கும். தீக்குச்சி முதலில் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு கோட்டை வீட்டில் எப்படித் துவைப்பீர்கள் என்று கேட்டாள்.

"நான்தாம்மா துவைப்பேன். மருமகளைக்கூடத் தொட விடமாட்டேன். நல்லா சோப்பு போட்டு, ரெண்டு தடவை பிரஷ் அடிச்சு, கடைசியில வாசனைத் தண்ணியில முக்கி எடுப்பேன். என் பிள்ளைக்கு அந்தப் புகை நாத்தமே வரக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நான் துவைச்சதுல ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று கேட்டார்.

மேனேஜர் 'ஆமாம் என்று சொல்' என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். பத்தொன்பது வருஷக் கையெழுத்தும் அப்படியே இருக்கும். அந்த அம்மா மட்டும், தன் கையால்தான் பிள்ளையின் கை வெந்தது என்று சாகிறவரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"இல்லைங்கம்மா" என்றாள் தீக்குச்சி. "நீங்க துவைச்ச மாதிரியேதான் நானும் என் பொண்ணு கோட்டைத் துவைச்சேன். இந்தத் துணியோட பத்தொன்பது வருஷம் இருக்கிற எனக்கே தெரியலை, உங்களுக்கு எப்படித் தெரியும்? சோப்புக் கட்டி கூடாதுன்னு நாங்கதான் எழுதிக் கொடுத்திருக்கணும். வீட்டுத் தண்ணியில துவைச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னோடது."

மறுமுனையில் அந்த அம்மா அழுதார். தீக்குச்சியும் அழுதாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனில் சொன்னதையே அவள் அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தாள். முதலாளி அதைப் படிக்கப் படிக்க முகம் சிவந்தார். பூசி மெழுகப் பார்த்தார், முடியவில்லை. சாவி அண்ணனின் வேலை போகவில்லை, சாவிக் கயிறு அவர் கழுத்திலேயே இருந்தது. தீக்குச்சியின் கையெழுத்து உரிமையை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அவள் கொளுத்துவாள், வேறொருவர் கையெழுத்துப் போடுவார். முதல் சில நாள் பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குக் கை போகும், பிறகு போவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டாவதாக ஒரு சலவை இயந்திரம் வந்தது, அதற்குத் தெருக்குழாய்த் தண்ணீர். துணி போன பட்டறைகளுக்கெல்லாம் கடிதம் போனது. கோட்டின் உள்ளே தைக்கிற சீட்டில், படிக்கிற எழுத்தளவில் அவள் எழுதிய வரிகள் இருந்தன: சோப்புக் கட்டி வேண்டாம், வாசனைத் திரவம் வேண்டாம், பழைய கோட்டை வினிகர்த் தண்ணீரில் ஊறவையுங்கள். சீட்டு இவ்வளவு நீளமா என்று மேனேஜர் முணுமுணுத்தார். வெந்துபோன கை அதைவிட நீளம் என்றாள் அவள்.

மகளின் கோட்டையும் வினிகரில் ஊறவைத்து, அலசி, உள்மடிப்பைத் தைத்துக் கொடுத்தாள். இப்போது அது கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. காலர் உரசாமல் இருக்க மகள் கழுத்தில் பருத்திக் கைக்குட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்கிறாள். அதுவும் தீக்குச்சி கொளுத்திப் பார்த்த துணிதான்.

ஒரு சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றிப் போட்டாள். தீக்குச்சி அதை எடுத்து, கையைப் புரட்டி, பொறி விழுந்த இடங்களைப் பார்த்தாள். கடுகளவு கருப்புப் புள்ளிகள் ஏழெட்டு. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. காலரை மூக்கருகே கொண்டுபோனாள். இரும்பும் புகையும் குப்பென்று அடித்தது.

"நாத்தம் குடலைப் பிடுங்குதுல்லம்மா?" என்றாள் மகள்.

"பிடுங்கட்டும்" என்று கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள் அம்மா.